பெண்கள் பக்கத்துப் பெட்டி

கம்பத்தில் நிக்காஹ் என்றால் பெண்கள் பக்கம் வீடியோப் படம் பிடிக்க ஷர்மினைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் முடித்த காலத்திலிருந்து மீரான் மைதீனின் ஸ்டுடியோவில் அவளுக்கு அதுதான் பிழைப்பு. எடுப்பதும் எடிட் செய்வதும் அவளே. ஆண்கள் யாரும் அந்தப் படங்களைப் பார்ப்பதில்லை. நெட்டில் ஏறக்கூடாது, வெளிக்கடைக்குப் போகக்கூடாது என்று வீடுகளுக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்த உறுதி. அதனால் அத்தனையும் எடிட்டிங் அறை மூலையிலிருந்த ஒரே ஸ்டோரேஜ் பெட்டிக்குள் கிடந்தன.

வேறு நகல் இல்லை என்பதாலேயே அந்தப் பெட்டியை அவள் பார்த்துப் பார்த்து அமைத்திருந்தாள். நான்கு டிஸ்க்குகளில் படங்கள் பரவியிருக்கும். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றை வைத்து மீட்டுக்கொள்ளலாம்; இரண்டு செத்தால் முடியாது. ஐந்தாவது சும்மா காத்திருக்கும். எது விழுந்தாலும் அதன் இடத்தில் தானாகவே சேர்ந்துகொள்ளும். எந்த டிஸ்க் சூடானாலும் தடுமாறினாலும் அவள் போனுக்குச் செய்தி வரும்.

நோன்பு மாதத்தில் கல்யாணம் கிடையாது. பாதி நாள் ஸ்டுடியோவில் ஆளே இருக்காது. "வெறும் ரூமுக்கு எதுக்கு ஏசி?" என்று மீரான் அதை அணைத்துவிட்டார். மறுநாளிலிருந்து ஷர்மினின் போன் சூடு, சூடு என்று அலறியது. கஞ்சி காய்ச்சும்போதும் அதே சத்தம், தொழுகைக்கு நிற்கும்போதும் அதே சத்தம்.

"அண்ணே, ஏசியைப் போடுங்க. பெட்டி வேகுது."

"நம்ம எல்லாரும் நோன்பு வைக்கிறோம். அது மட்டும் வைக்கக்கூடாதாக்கும்?"

அவளும் சிரித்துவிட்டாள். சூட்டுக்கான எச்சரிக்கையை மட்டும் நிறுத்தியிருக்கலாம். அதைத் தேடிப்பிடிக்கச் சலித்துக்கொண்டு, பெருநாள் வரைக்கும்தானே என்று எல்லாச் செய்திகளையும் ஊமையாக்கினாள்.

அதே வாரம் சீனிச்சாமி வீட்டுக் காதுகுத்துப் படத்தைக் கேட்டு ஆள் வந்து நின்றது. கடையில் காலி டிஸ்க் இல்லை. மீரான் பெட்டியிலிருந்து ஐந்தாவதை உருவி, அதில் படத்தை ஏற்றிக் கொடுத்தனுப்பினார். "சும்மாதானே கெடந்துச்சு" என்றார் பிற்பாடு. ஷர்மினிடம் சொல்லவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

பெருநாள் கழிந்ததும் காமயகவுண்டன்பட்டியிலிருந்து லத்திபா வந்தாள். அவள் மகள் மிஸ்பாவின் நிக்காஹ்வையும் ஷர்மின்தான் எடுத்திருந்தாள். ஆண்கள் பக்கத்துப் படத்தை அப்போதே கொடுத்தாகிவிட்டது. பெண்கள் பக்கம் வழக்கம்போல எடிட்டுக்குக் காத்துக் கிடந்தது. இதற்கிடையில் சின்னமனூர் சாலையில் பைக் விபத்தில் மிஸ்பா இறந்துபோனாள்.

"பாட்டு, ஜோடனை ஒண்ணும் வேணாம்மா. அவ பேசுறதை மட்டும் குடு. அவ குரலு எனக்கு ஞாபகத்துக்கே வர மாட்டேங்குது."

ஷர்மின் கம்ப்யூட்டரில் மிஸ்பாவின் ஃபோல்டரைத் தேடினாள். எந்த ஃபோல்டருமே இல்லை. பெட்டியின் முகப்பில் இரண்டு சிவப்பு விளக்குகள். முதல் டிஸ்க் நோன்பின் நடுவிலேயே செத்திருக்கிறது. அதன் இடத்துக்கு வர ஐந்தாவது இல்லை. இரண்டாவதும் போனபோது எல்லாப் படங்களும் போய்விட்டன. ஊமைப் போன் அத்தனை செய்திகளையும் ஒழுங்காக வாங்கி வைத்திருந்தது.

மதுரையில் டிஸ்க் மீட்டுத் தருகிறவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஆண்கள் பார்ப்பார்கள். அதை ஷர்மின் லத்திபாவிடம் தட்டுத் தடுமாறித்தான் கேட்டாள்.

"பாத்தா பாத்துட்டுப் போறாக. மறைக்கிறதுக்கு அவ இருக்காளா?"

மற்ற வீடுகளுக்கும் போன் போட்டுச் சம்மதம் வாங்கினாள். சில வீடுகளில் ஏச்சும் வாங்கினாள். பெட்டி மதுரைக்குப் போய்த் திரும்பி வந்தது. ஒன்றும் தேறவில்லை.

அதைப் போனில் சொல்ல மனம் வராமல் டவுன் பஸ் ஏறினாள். "நானும் வாறேன்" என்ற மீரானை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கதவைத் திறந்த லத்திபா அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். ஏசவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சரி விடு. அன்னைக்கு முழுக்க நீ அவகூடத்தானே இருந்தே? நான் பந்திப் பக்கமே நின்னுட்டேன், தூரத்துல பாத்ததுதான். மருதாணிக் கையைத் தூக்கி வச்சுக்கிட்டு உன்கிட்ட என்னமோ சொல்லிச் சொல்லிச் சிரிச்சாளே, என்னம்மா சொன்னா?"

ஷர்மின் நினைத்துப் பார்த்தாள். மிஸ்பாவின் கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது நினைவிருந்தது. வெளிச்சம் கூடுதல் என்று திரையை இழுத்துவிடச் சொன்னதும் நினைவிருந்தது. நினைவில் மிஸ்பாவின் உதடுகள் அசைந்தன. பேச்சுத்தான் கேமராவில் பதிகிறதே என்று அன்று ஷர்மின் காது கொடுக்கவில்லை.

"சின்னப் பேச்சா இருந்தாலும் சொல்லும்மா."

எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லிவிடலாம். வாய்வரைக்கும் வந்தது.

"ஞாபகம் இல்லை மாமி."

லத்திபா இன்னும் ஏதோ வரும் என்பதுபோல ஷர்மினின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.