கொலுப்படியில் ஒரு சம்பளச் சீட்டு

பாகீரதி எனக்கு அத்தங்கா. என் அப்பாவின் ஒரே தமக்கைக்கு மூத்த பெண். அவளைக் கட்டிக்கொண்ட மஹாதேவன் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா பிள்ளை. ஆக, இரண்டு வழியிலும் எங்களைக் கேள்வி கேட்க அவளுக்கு உரிமை உண்டு. கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரே சந்தில் எதிரெதிர் வீடு. ஆண்கள் இருவரும் ஒரே ரயில்வே ஆபீஸில், ஒரே கிரேடில் குமாஸ்தா.

நவராத்திரிக்கு அவள் வீட்டுக்குப் போனால் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், அதோடு நாலாக மடித்த காகிதம் ஒன்றும் கிடைக்கும். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கான விண்ணப்பம் அது. அவள் பிள்ளை அதை வாங்கித்தான் எஞ்சினியரிங் முடித்தான். அப்படி ஒன்று இருப்பதே சந்தில் யாருக்கும் தெரியாது என்று கண்டுகொண்டவள், வருஷா வருஷம் கல்லூரி ஆபீஸ்களில் ஏறி இறங்கி, கட்டாக வாங்கி வருவாள்.

"ஆம்பளைகள் கிட்ட குடுத்தா சட்டைப்பையில போட்டு வண்ணானுக்குப் போட்டுடுவா. தாம்பூலத்துல வந்ததைத் தூக்கிப்போட எவளுக்கும் மனசு வராதுடி" என்பாள்.

"சுண்டலோட ஃபாரமும் உண்டா மாமி?" என்று யாராவது கேலி செய்தால், "சுண்டல் நாளைக்கே ஜீரணமாயிடும். இது மூணு வருஷம் நிக்கும்" என்பாள்.

எழுபத்து நாலில் என் பெண் ஜெயலக்ஷ்மி பி.எஸ்ஸி. சேர்ந்திருந்தாள். துர்க்கா பூஜை லீவுக்குப் பிறகு அவளை நிறுத்தி டைப்ரைட்டிங்கில் சேர்த்துவிடலாம் என்றிருந்தார் என் வீட்டுக்காரர். உதவித்தொகை கிடைத்தால் மட்டும் படிப்பு. பஞ்சமியோடு கல்லூரி ஒரு மாசத்துக்குச் சாத்திவிடும். அதற்குள் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். கொலு வைத்த முதல் நாளே தாம்பூலத்தில் வந்ததை அவர் பூர்த்தி செய்து அலமாரியில் வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் பாகீரதி அதைப் பார்க்க வந்தாள். எனக்கு நாலாம் வகுப்போடு படிப்பு சரி. அவள் முகம் மாறியதுதான் எனக்குப் புரிந்தது.

"ராஜி, ஐந்நூறுக்கு மேல சம்பளம்னா இது கிடையாது. பட்டாபி அறுநூத்தம்பதுன்னு போட்டிருக்கானே!"

"கை தவறியிருக்குமோ?"

"எங்காத்துக்கும் உங்காத்துக்கும் ஒரே முந்நூத்தித் தொண்ணூறுதான்டி."

எனக்கு விளங்கிவிட்டது. பெண் பார்க்கப் போகும்போது சம்பளத்தை ஒரு படி ஏற்றிச் சொல்வது எங்கள் குடும்பங்களில் பொய் என்றே சேர்த்தி இல்லை. இவரோ ஹெட் கிளார்க் ஆகிவிட்டதாகச் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். விண்ணப்பம் வந்தது கொலுவிலிருந்து; அதில் எழுதுவது மாமிகள் வாயில் விழும் என்று பயந்திருக்கிறார்.

"நான் கேட்டுடறேன்" என்றேன்.

"வாயைத் திறக்காதே. ரோஷக்காரன், கிழிச்சுப் போட்டுடுவான். நாளைக்குச் சரஸ்வதி பொம்மைக்குக் கை ஒட்டணும்னு அழைச்சிண்டு வா."

மறுநாள் மாலை போனோம். கூடம் நிறைய மாமிகள். பசைக் குப்பியோடு படிக்கு முன்னால் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கீழ்ப்படியில், செட்டியார் பொம்மைக்கும் அவர் மனைவிக்கும் நடுவே, மஹாதேவனின் சம்பளச் சீட்டு. நாலு மூலையிலும் குங்குமம். முந்நூற்றுத் தொண்ணூறு என்பது வாசல் வரை தெரியும்.

சுண்டல் தொன்னையோடு மூலையில் உட்கார்ந்திருந்த மஹாதேவன், "பாத்தியாடா பட்டாபி, என்னைப் பொம்மையா ஒக்கார வெச்சுட்டா உங்க மன்னி" என்று சிரித்தார்.

"இந்த மாதிரிச் சீட்டைக் காட்டித்தானே நம்ம பிள்ளை படிச்சான்? இவ்வளவுதான்னு சொன்னதுனாலதானே குடுத்தா? படியில ஏற அதுக்கு யோக்யதை உண்டு" என்றாள் பாகீரதி.

"முந்நூத்தித் தொண்ணூறா! எங்காத்துல இன்னும் முந்நூத்தறுபதுதான்" என்றாள் கோடி வீட்டு அனந்தலக்ஷ்மி. அவளைத் தொடர்ந்து இன்னொருத்தியும் சொன்னாள். கூடமே சிரித்தது.

அவர் மட்டும் சரஸ்வதியின் கையை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது, "மன்னி, ஒரு ஃபாரம் வேணும். பழசுல மை கொட்டிடுத்து" என்றார்.

"கொட்டும், கொட்டும். இந்தப் பேனாக்களே அப்படித்தான்" என்று அவள் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் எந்த மையும் கொட்டவில்லை. எனக்கு நாக்கு அரித்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் பஞ்சமி. ஆபீஸ் திறந்ததும் சம்பளச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, ஜெயாவோடு கல்லூரிக்கு ஓடினார். பூஜைப் பந்தலில் டாக் மேளம் கொட்ட ஆரம்பித்த நேரத்துக்கு இருவரும் திரும்பினார்கள்.

"வாங்கிண்டுட்டா அம்மா! க்யூ முழுக்க அப்பா ஃபாரத்தைக் கவுத்தே பிடிச்சிண்டிருந்தார். முன்னால நின்ன பெங்காலி காகு தன் சம்பளத்தைச் சொல்லிட்டு, உங்களுக்கு எவ்வளவுன்னு கேட்டார். அப்பாவும் சொல்லிட்டார்."

"என்னன்னு சொன்னார்?"

"நெஜத்தை."

தை மாசத்தில் உதவித்தொகை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. ஜெயா நின்றுபோகாமல் பி.எஸ்ஸி. முடித்தாள்.

அடுத்த நவராத்திரிக்கு நான் புடவை மாற்றிக் கிளம்பும்போது அவரே ஒரு காகிதத்தை நீட்டினார். "மன்னி கிட்ட குடு. செட்டியாருக்கு அந்தண்டை இடம் இருக்கும்."

குங்குமம் வைத்து ஏற்றினாள் பாகீரதி. அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு சீட்டையும் பார்த்தாள்.

"அடப்பாவி! ஓவர்டைம் வந்த மாசமாப் பாத்துக் குடுத்திருக்கான்டி. எங்காத்தை விட எட்டு ரூபா கூட!"