மஞ்சளில் நின்ற ஜாம் மரம்

வாளி நிரம்புவதைத் தக்ஷாயினி காதால் அறிகிறார். சொட்டும் ஓசை தடித்ததும், தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் கப்பல் தலைவரை ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, காலுறைமேல் செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்குகிறார். ஏசிக் குழாயின் கீழிருந்து நிரம்பிய வாளியை நகர்த்தி வெறும் வாளியை வைக்கிறார். தண்ணீரை ஒரே வீச்சில் கொட்டுவதில்லை. வாளியைச் சாய்த்துப் பிடித்து மரத்தைச் சுற்றி நடந்தபடி, "குடியுங்கோ, ஆறுதலாக் குடியுங்கோ," என்கிறார். பிறகு தொலைபேசிக்கும் ஆங்கிலத்துக்கும் திரும்புகிறார். குரலின் கனிவு மட்டும் மாறுவதில்லை.

அமீரகத்தின் புஜைரா துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயின்ட் என்று சாமான் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை. ஊர் யாழ்ப்பாணத்துக் கோப்பாய். இங்கே எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. கணவர் இராஜரத்தினம் தோஹாவில், நஜ்மா பகுதியிலுள்ள ஓர் அச்சகத்தில் இருக்கிறார். தக்ஷாயினிக்கு ஒரு பழக்கம் உண்டு: எதிரில் இருப்பவரை வாக்கியத்தை முடிக்க விடமாட்டார். பாதியிலேயே புரிந்துகொண்டு தலையாட்டிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே புரிந்துகொள்வதால் அந்தப் பழக்கம் திருந்த வழியில்லாமல் போயிற்று.

மரம் வந்ததும் அப்படித்தான். மசாபி சந்தையில், பச்சைத் துணி நிழலில் செடி விற்கும் வங்காளி ஒருவர், "செர்ரி, மேடம், இது வேற மாதிரி..." என்று இந்தியில் தொடங்கினார். தக்ஷாயினி இலையைத் தடவிப் பார்த்தார். பிசுபிசுத்தது. காம்படியில் நறுக்கிவிட்டது போன்ற சாய்வு. யாழ்ப்பாணத்தார் ஜாம் மரம் என்றும் தமிழ்நாட்டார் தேன்பழ மரம் என்றும் சொல்லும் அதே மரம். செர்ரி என்று உலகம் அதை அழைத்துவிட்டுப் போகட்டும். வங்காளியின் மீதி விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. கன்றை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வந்துவிட்டார்.

குழாய்த் தண்ணீரில் உப்பிருப்பதாக அவர் நம்புகிறார். அதனால் மரத்துக்கு ஏசித் தண்ணீர்தான். கோடையில் கட்டடமே சொட்டும். குளிர்காலத்தில்தான் சங்கடம். எல்லாரும் ஏசியை நிறுத்திவிடுவார்கள். அப்போது தக்ஷாயினி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார். ஜனவரியில் மேல்மாடி வீரபாண்டியும் அவருடைய அறைக்காரர்களும் இரட்டைப் போர்வைக்குள் நடுங்கியபடி, ஏசியை ஓடவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். வீரபாண்டிக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம், வேலை ஏசி மெக்கானிக். டூட்டி முடிந்து வந்தும் ஏசிக்குச் சேவகம் செய்ய வைத்துவிட்டார்களே என்பது அவருடைய புலம்பல்.

"மரத்துக்குக் குடியுங்கோ, வளருங்கோனு மரியாதை. குளுருல சாகுற என்னய மட்டும் டேய்ங்கிறீக," என்று ஒருநாள் படிக்கட்டில் நின்று கேட்டார்.

"அது வாய் திறக்காமல் நிக்குதடா. நீ கதைக்கிறாய்," என்றார் தக்ஷாயினி.

இரண்டாம் ஆண்டில் மரம் பூத்தது. வெள்ளைப் பூ, ஒரு பகல் மட்டும் இருக்கும். பிறகு இலைக்கடியில் பச்சை மணிகள். அவை பருத்து வெளுத்து மஞ்சளாயின. தக்ஷாயினி கட்டடம் முழுக்க அறிவித்தார்: இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சிவந்துவிடும், அதுவரை ஒருவரும் தொடக்கூடாது. காயாகத் தின்றால் துவர்த்து நாக்கில் கயர் பிடிக்கும். ஒருவரும் தொடவில்லை. பழங்களும் சிவக்கவில்லை. மஞ்சளாகவே நின்று, மஞ்சளாகவே உதிர்ந்தன.

அவர் அதை நோய் என்று முடிவு செய்தார். உதிர்ந்தவற்றை "வெம்பல்" என்று கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டார். முட்டை ஓட்டுத் தூள் போட்டார், வாழைத்தோல் ஊறிய தண்ணீர் விட்டார், மீன் கழுவிய தண்ணீரும் விட்டார். மீன் தண்ணீர் விட்ட வாரம் முற்றத்தில் யாரும் துணி காயப்போடவில்லை. கொண்டைக்குருவிகள் வந்து கொத்தத் தொடங்கியபோது, பழுக்குமுன்னே பாழாக்குகின்றன என்று கோபித்து, வெங்காயம் வரும் சிவப்பு வலைப் பைகளைக் கொப்பு கொப்பாகக் கட்டினார். அது அவருக்கு அன்றாட வதையாயிற்று. பைக்குள் பார்த்தால் பழம் சிவப்பாகத் தெரியும். அவசரமாக அவிழ்த்தால் மஞ்சள். தோஹாவிலிருந்து இராஜரத்தினம் பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்குமுன் "சிவந்திட்டுதோ?" என்றுதான் கேட்பார்.

கட்டடத்தின் உரிமையாளர் முஆத் இந்த ஊர்க்காரர், அதிகம் பேசாதவர். நோன்புப் பெருநாள் கழிந்ததும் மண் முற்றத்தில் கல் பதித்துக் கார் நிறுத்துமிடமாக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். மரம் நடுவில் நின்றது. தக்ஷாயினி அவர் காரை மறித்து, இது பழ மரம் என்றார். காய்க்கும் மரத்தை வெட்ட எனக்கு மனம் வராது, பழம் தந்தால் நிற்கட்டும், நிழலுக்கு மட்டும்தான் என்றால் தகரக் கூரை போதும் என்று முஆத் இந்தியில் பதில் சொன்னார். நியாயமான பேச்சு. தக்ஷாயினியால்கூட இடைமறிக்க முடியவில்லை.

பெருநாள் வந்து போயிற்று. அடுத்த சனிக்கிழமை காலை முஆதின் கார் முற்றத்துக்குள் வந்து நின்றது. பின்னால் கல் பதிக்கும் மேஸ்திரி ஆரிப். தக்ஷாயினி வேலைக்குப் போகாமல் மரத்தடியில் நின்றார். அவர் பேசத் தொடங்கியது மாடியில் என் வீடுவரை கேட்டது. மரத்துக்குச் சத்துக் குறைவு, இன்னும் ஒரு மாதம், மருந்து சொல்லியிருக்கிறேன், நிச்சயம் பழுக்கும். பேச்சு வேகமெடுக்க எடுக்க இந்தியில் கோப்பாய் கலந்தது.

முஆத் கேட்டுக்கொண்டே ஒரு பையை அவிழ்த்தார். உள்ளேயிருந்த மஞ்சள் பழம் விரல் பட்டதும் தோல் வெடித்துக் கசிந்தது. அவர் அதை வாயில் போட்டார். அவர் வீட்டில் பேரீச்சையின் முதல் குலையை மஞ்சளிலேயே கடித்துத் தின்பார்கள். மஞ்சளாயிருப்பது காத்திருப்பதற்கான காரணம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மென்றார். இன்னொன்றை எடுத்தார்.

"மீட்டா," என்றார். இனிப்பு.

தக்ஷாயினி பேச்சை நிறுத்தினார். அவர் நிறுத்தி நான் அதற்குமுன் கேட்டதில்லை. தானும் ஒன்றை எடுத்து, சந்தேகத்தோடு நுனிநாக்கில் வைத்தார். பிறகு முழுவதும். முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சியல்ல, மானக்கேடு. அது நீடிக்கவில்லை.

"ஐயோ, பழுத்துத்தானே நிண்டிருக்கு," என்றார். "இவ்வளவு நாளும் பழுத்துத்தான் நிண்டிருக்கு."

தெரிந்த ஒன்றை நாம் பார்ப்பதில்லை, அடையாளம் கண்டதோடு நிறுத்திவிடுகிறோம். ஜாம் மரத்தைத் தெரியாத ஒருவர் அந்த முற்றத்தில் இருந்திருந்தால் மாதக்கணக்கில் பழம் தின்றிருப்பார். தக்ஷாயினிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, வீரபாண்டிக்கும் தெரிந்திருந்தது. ஆகவே கட்டடமே பழுத்த பழத்துக்குக் காவல் இருந்தது. அன்று தக்ஷாயினி மசாபி வங்காளிக்குத் தொலைபேசியில் பேசினார். இது மஞ்சளில் பழுக்கும் வகை, அதைத்தான் அன்று சொல்ல வந்தேன் என்று அவர் முழுதாகச் சொல்லி முடித்தார். தக்ஷாயினி முழுதாகக் கேட்டார்.

ஆனால் அது பிற்பகலில். காலையில் அதற்கெல்லாம் நேரமில்லை. அவர் பைகளைப் பிய்த்தெறிந்தார். கிளைகளை வளைத்துப் பிடித்து வருவோர் போவோரையெல்லாம் கூப்பிட்டார். வீரபாண்டி கை நிறையப் பறித்து வாய் நிறையப் போட்டுக்கொண்டு, "குருவியெல்லாம் சேர்ந்து உங்க மேல கேஸ் போடப் போகுதுக்கா," என்றார். தக்ஷாயினி சிரித்து, சிரிப்பு அடங்காமல் மரத்தைப் பிடித்துக்கொண்டார். பழத்தைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், இனிப்பு சற்று மிகை, விதை மணல் போல் பல்லில் படும். நானும் இறங்கிப் போய் ஏழெட்டுத் தின்றேன். பிறகு மறுபடி போனேன்.

முஆத் வாயைத் துடைத்துக்கொண்டு, மரம் நிற்கட்டும் என்று ஆரிப்பிடம் சொன்னார். ஆரிப் சுண்ணாம்புத் தூள் டின்னோடு வந்து, அடிமரத்தைச் சுற்றி ஒரு கார் டயர் அளவுக்கு வட்டம் போட்டார். அதற்கு வெளியே எல்லாம் கல்.

தக்ஷாயினி அந்த வட்டத்தைப் பார்த்தார். வாயிலிருந்ததை விழுங்கினார். செருப்பால் கோட்டை அழித்தார். ஆரிப்பின் கையிலிருந்து டின்னை வாங்கி ஒரு பிடி அள்ளிக்கொண்டு, கிளைகளின் நுனி எங்கெங்கே முடிகிறதோ அதற்கு நேர்கீழே, குனிந்து தூவியபடி நடந்தார். கோடு மதிலோரம் போய், படிக்கட்டைத் தொட்டு, வளைந்து, முஆதின் காருக்கு வந்தது. முன்சக்கரம் வட்டத்துக்குள் இருந்தது. தக்ஷாயினி நிமிரவில்லை. பிடித்த சுண்ணாம்போடு சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தபடியே, கார் நகர்வதற்காகக் காத்து நின்றார்.