அயர்னிங் மாஸ்டரின் மகன்

எங்கள் பனியன் கம்பெனியில் அயர்னிங், பேக்கிங் இரண்டும் என் பொறுப்பு. அங்கே பல வருடமாக அயர்ன் டேபிளில் நின்ற ஒருவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். வெள்ளகோவில் பக்கத்துக்காரர். கிணறு வற்றியதும் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்து லைன் வீட்டில் குடியேறியவர். நான் அவரை அண்ணா என்பேன். அவருக்கு நான் அம்மிணி.

மகன் பன்னிரண்டாவது முடித்த கையோடு ராணுவத்தில் சேர்ந்தான். மாஸ்டருக்கு அதில் இஷ்டமே இல்லை. "இங்கயே ஒரு கம்பெனில சேந்தான்னா பொழுதோட ஊட்டுக்கு வந்துருவானுங்க அம்மிணி. சொன்னா கேக்கறானா?" என்று பல நாள் புலம்பினார்.

லீவில் வரும்போதெல்லாம் அவன் கம்பெனிக்கு வருவான். செக்யூரிட்டியில் தொடங்கி எல்லோருக்கும் ஸ்வீட் கொடுப்பான். பிறகு அப்பாவை நகர்த்திவிட்டு அரை மணி நேரம் அவனே அயர்ன் பண்ணுவான். "அங்க எப்படிப்பா இருக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். "பனிமலைங்கக்கா, ஒரே குளிரு. இந்த ஸ்டீம் பக்கத்துல நின்னாச் சொகமா இருக்கு" என்று சிரித்தான். அவ்வளவுதான் கேட்டேன். ஷிப்மெண்ட் அவசரம். அவனும் அதற்குமேல் சொல்லவில்லை.

போன தை மாதம் ஒரு காலைநேரம், டீ முடிந்து எல்லோரும் டேபிளுக்குத் திரும்பிய சமயம், மாஸ்டருக்கு போன் வந்தது. எடுத்துக் காதில் வைத்தவர் விழித்தார். "இந்தில பேசறாங்க, ஒண்ணும் வெளங்கல" என்று சொல்லி, பேக்கிங் டேபிளில் துணி மடித்துக்கொண்டிருந்த பீகார்ப் பெண்ணிடம் போனை நீட்டினார். இரண்டு வருடமாக எங்களோடு இருப்பவள். தமிழ் ஓரளவு பேசுவாள்.

அவள் வாங்கிக் கேட்டாள். "ஜி, ஜி" என்றாள். பிறகு அந்த "ஜி"யும் நின்றுவிட்டது. போன் பேசி முடிந்த பிறகும் அதைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"என்ன கண்ணு சொல்றாங்க?" என்றார் மாஸ்டர்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் போனேன். அவளுக்குத் தெரிந்த தமிழில் அதைச் சொல்ல வார்த்தை இல்லை. "அண்ணா... பனி விழுந்துச்சு. மேல இருந்து, நிறைய. பையன் உள்ள..." என்றாள். "உள்ள மாட்டிக்கிட்டானா? எடுத்துட்டாங்களா?" என்று அவர் கேட்டார். "எடுத்துட்டாங்க அண்ணா" என்றாள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்த்ததும் அவள் வாய்விட்டு அழுதாள். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அவர் அழவில்லை. அயர்ன் பாக்ஸின் சுவிட்சை அணைத்தார். "அவங்கம்மா ரேசன் கடைக்குப் போயிருக்கறா" என்றார்.

மூன்றாம் நாள் அவன் உடலைப் பெட்டியில் சொந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். வழியெல்லாம் ஃப்ளெக்ஸ், சிலதில் அவன் படம், சிலதில் அவனைவிடப் பெரிதாக வேறு யார் யாரோ. மாஸ்டரின் மனைவி பெட்டியைத் தடவியபடி "ஒருக்கா மூஞ்சியப் பாத்துக்கறனுங்க" என்று கூட வந்த சிப்பாய்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்களில் இளவயது ஆள் ஒருவன் தலையைத் திருப்பிக்கொண்டான். திறந்து காட்டினார்கள். மரியாதைக்குத் துப்பாக்கிகள் முழங்கியபோது ஒவ்வொரு சத்தத்துக்கும் மாஸ்டரின் தோள் குலுங்கியது. மடித்த கொடியைக் கையில் கொடுத்தார்கள். அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்திக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். நேராக பேக்கிங் டேபிளுக்குத்தான் போனார். அந்தப் பெண் எழுந்து நின்றாள். அந்த ஒரு மாதமும் அவள் யார் போனையும் தொட்டதில்லை. "நீ என்ன பண்ணுவ கண்ணு? யாராச்சும் சொல்லித்தான ஆகோணும். இத மனசுல வெச்சுக்காத" என்றார்.

அன்று ஓடிக்கொண்டிருந்த ஆர்டர் குழந்தைகள் டீ-ஷர்ட். பச்சையும் காக்கியுமாகத் திட்டுத்திட்டான மிலிட்டரி பிரிண்ட். எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்; தோன்றவில்லை. அவர் டேபிளில் கட்டுக் கட்டாக அது வந்து இறங்கிய பிறகுதான் பதறி ஓடினேன். "அண்ணா, நீங்க அந்த வெள்ளை பீஸ் பாருங்க, இதை வேற ஆள்கிட்டத் தர்றேன்."

"இருக்கட்டும் அம்மிணி. துணி என்ன பண்ணுச்சு?"

இரண்டு நாள் அயர்ன் பண்ணினார். கடைசியில் ரெண்டு வயசு சைஸ் வந்தது. ஒன்றை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "இத்தனூண்டுக்கு எதுக்குங்க இந்தத் துணி?" என்று கேட்டார். அந்த ஆர்டர் முடிந்ததும் வேலையை விட்டு, மனைவியோடு ஊருக்கே போய்விட்டார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தப் பீகார்ப் பெண்ணும் அவர்களைப் பார்க்கப் போனோம். "மகனை நாட்டுக்குக் கொடுத்த தந்தை" என்ற ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்து இன்னும் முச்சந்தியில் நின்றது. பஸ்ஸில் வரும்போதே சொல்ல நினைத்து வைத்திருந்ததை நான் சொன்னேன்: "உங்களுக்கு நாங்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்கண்ணா."

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எங்களுக்கு எதுக்குங்க அம்மிணி? நாங்க குடுக்கலீங்க. போகாதேன்னுதான் சொன்னேன். அவனாத்தான் போனான். நன்றியெல்லாம் அவனுக்குச் சேரோணும்."

லீவில் வந்தபோது அவனுக்கு அதைச் சொல்லக் கிடைத்த அரை மணி நேரங்களை எல்லாம் நான் ஷிப்மெண்ட் பார்த்துக் கழித்திருந்தேன்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சின்னதுல எப்படீங்க இருப்பான்?" என்று அந்தம்மாவிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். வந்தவர்கள் எல்லோரும் அவன் எப்படிச் செத்தான் என்றுதான் கேட்டார்களாம். பேச ஆரம்பித்தார். நீச்சல் பழகியது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது, மாரியம்மன் திருவிழாவில் தொலைந்துபோய்க் கிடைத்தது. பீகார்ப் பெண்ணுக்குப் புரியாத இடங்களில் நிறுத்தி, மெதுவாக, இன்னொரு தடவை சொன்னார். பொழுது சாய்ந்துவிட்டது. நடுவில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போன மாஸ்டர் திரும்பி வர வெகுநேரம் ஆனது.