கீழ்வேளூர் விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு நாள்

வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டால் மதிவதனியிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். காப்புரிமை அலுவலகத்தின் வார இதழ் அன்றைக்குத்தான் இணையத்தில் வரும். நாடு முழுவதும் யார் யார் என்னென்ன கண்டுபிடித்ததாக விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்பதை ஆயிரக்கணக்கான பக்கங்களில் அடுக்கியிருப்பார்கள். தஞ்சாவூரில் வழக்கறிஞர் பிரகதீஸ்வரியின் அலுவலகத்தில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்துகொண்டு அவள் அதை அவ்வளவு ஆசையாகப் படிப்பாள். மற்றவர்களுக்குத் தலைசுற்றும்.

அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. குடவாசல் பக்கம் ஒரு சிற்றூர். அம்மா ராசம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வளர்த்தார். அப்பா குஞ்சிதபாதம் கூலி வேலையில் தொடங்கி, அறுவடை மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு, இப்போது சொந்தமாகக் குத்தகைக்குப் பயிர் வைக்கிறார். மகள் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள்.

அந்தக் கம்பெனியின் தொழில் வேடிக்கையானது. பெரிய சட்ட நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் பிடித்துக் கொடுப்பது, அதுவும் யாரிடமும் பேசாமலே. எந்தத் தொழிற்சாலை வருடத்துக்கு எத்தனை காப்புரிமை விண்ணப்பம் போடுகிறது, அவற்றை எந்த வக்கீல் கவனிக்கிறார், எத்தனை விண்ணப்பம் கெடு தவறிச் செல்லாமல் போனது என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தகவல்கள்தான். அதைக் கோத்து ஒரு படமாகப் போட்டுக் கொடுத்தால் போதும். வக்கீல்கள் வேலை கேட்டுப் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் கருத்தரங்கு, கட்டுரை, தேநீர் சந்திப்பு என்று பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோக அவர்களுக்கு வழி தெரியும். மதிவதனி மூன்று வருடம் அந்தப் படங்களைப் போட்டாள்.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், சும்மா விளையாட்டாக, டெல்டா மாவட்டங்களின் பின்கோடுகளைக் கொடுத்துத் தேடினாள். நாலைந்து வந்தாலே அதிகம் என்று நினைத்திருந்தாள். அறுபத்து மூன்று வந்தது. கல்லூரிகள் போட்டதைக் கழித்தால், வக்கீல் யாரும் இல்லாமல் தாங்களாகவே எழுதிப் போட்டவர்கள் மட்டும் நாற்பத்தொரு பேர். தரங்கம்பாடியில் ஒருவர் வலை இழுக்கும் உருளைக்குப் போட்டிருந்தார். கும்பகோணத்தில் ஒருவர் வெற்றிலை வாடாமல் இருக்கும் கூடைக்கு. அவள் தட்டில் சோறு காய்ந்துபோகிற வரைக்கும் படித்துக்கொண்டே இருந்தாள். இந்த நாற்பத்தொரு பேரையும் எந்தச் சட்ட நிறுவனமும் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காது என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு மாதத்தில் வேலையை விட்டாள். காப்புரிமை முகவர் தேர்வு எழுதித் தேறினாள். அப்பாவின் குத்தகை வழக்கை நடத்திக் கொடுத்த பிரகதீஸ்வரியிடம் போய், "எனக்கு ஒரு மேஜை மட்டும் குடுங்க மேடம்" என்று கேட்டாள். அவரும் கொடுத்தார்.

2024 நவம்பர் எட்டாம் தேதி. மழைக்காலம். அன்றைய இதழில் டெல்டாவிலிருந்து எதுவும் வரவில்லை. பழக்கத்தின் பேரில் பழைய விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்று நெல் உலர்த்தும் இயந்திரத்துக்கு விண்ணப்பித்திருந்தது. அரசுத் தரப்பு ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு, 'இதில் புதுமை இல்லை, ஏற்கெனவே வேறொருவர் சொல்லிவிட்டார்' என்று அறிக்கை கொடுத்திருந்தார். ஆதாரமாக ஒரு விண்ணப்ப எண் இருந்தது.

எண்ணைத் தட்டினாள். முகவரி கீழ்வேளூர். அந்த நாற்பத்தொன்றில் அவள் இன்னும் திறந்து படிக்காத ஒன்று.

அவளுக்குக் கை குறுகுறுத்தது. தௌபீக், ஷம்சாத் என்று கணவன் மனைவி இருவர் பெயரில், 2020 நவம்பர் இருபதாம் தேதி போட்ட விண்ணப்பம். பதினோரு பக்கம். ஒரே மூச்சில் படித்தாள். பிறகு நிலவரப் பக்கத்துக்குப் போனாள். விண்ணப்பம் போட்டால் மட்டும் போதாது. 'என்னுடையதை ஆய்வு செய்யுங்கள்' என்று தனியாக ஒரு படிவம் கொடுக்க வேண்டும். அந்த வருடத்து விண்ணப்பங்களுக்கு அதற்கு நான்கு வருடம் கெடு. அந்தப் படிவம் அங்கே இல்லை.

"மேடம், கொஞ்சம் இங்க வாங்களேன்."

பிரகதீஸ்வரி கையில் இருந்த வழக்குக் கட்டோடு வந்து நின்றார். அவருக்கு முப்பத்தாறு வயது இருக்கும். அவசரமே படாத ஆள்.

"ஒரு பெரிய கம்பெனியோட விண்ணப்பம் நின்னுபோயிருக்கு மேடம். நிறுத்தினது யாரு தெரியுமா, கீழ்வேளூர்ல ஒரு பட்டறை. அவங்களுக்கே இது தெரியாதுன்னு நினைக்கிறேன். இன்னும் பன்னிரண்டு நாள்ல அவங்க கெடு முடியுது. முடிஞ்சா அவங்களுக்கு உரிமை கிடையாது. அப்புறம் அந்த மெஷினை யார் வேணா செய்யலாம்."

பிரகதீஸ்வரி திரையை நிதானமாகப் படித்தார். "சரி. ஆனா நாம போய் கேஸ் குடுங்கன்னு கேக்க முடியாது. அது உனக்கே தெரியும்."

"தேதியைச் சொல்லலாமா?"

"தேதி ஊருக்கே தெரியிற தகவல். தாராளமா சொல்லு. கார்டு எடுத்துட்டுப் போகாதே. வேலை கேக்காதே. அவங்களே எப்படிப் போடலாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடு."

மறுநாள் காலை நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறினாள். திருவாரூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா தண்ணீருக்குள் நின்றது. வழியெல்லாம் அந்தப் பதினோரு பக்கத்தை மறுபடி படித்தாள். அந்த இயந்திரம் எதற்கு என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்று நெல்லை எடுக்க மாட்டார்கள். அப்பா ரோட்டில் நெல்லைப் பரப்பி, மேகம் கூடினால் அள்ளி, வெயில் வந்தால் மறுபடி பரப்பி நாள்கணக்கில் கிடந்திருக்கிறார்.

பட்டறை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. உள்ளே ஷம்சாத் வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சராக இருந்தவர். மதிவதனி வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"இந்த மாசம் நாலாவது ஆள் நீங்க. ரெண்டு லெட்டர், ஒரு போன். அமெரிக்காவுல பதிவு பண்ணித் தர்றோம், அவார்டு வாங்கித் தர்றோம்னு. நீங்க எதுக்கு?"

"நான் எதுவும் பண்ணித் தரல மேடம். ஒரு தேதி சொல்ல வந்தேன். இருபதாம் தேதி."

"எங்களுக்குத்தான் பேட்டன்ட் கிடைச்சிடுச்சே. நம்பர்கூட இருக்கு." இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். 'பேட்டன்ட் பெற்றது' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது.

"அது விண்ணப்ப நம்பர் மேடம். பேட்டன்ட் இன்னும் வரல. கிடைக்காம அப்படி ஒட்டுறதே தப்பு. அதை முதல்ல எடுத்துடுங்க."

ஷம்சாத் கையைக் கட்டிக்கொண்டார். "அப்ப படிச்சிட்டுத்தான் வந்திருக்கீங்க. இந்த மெஷின்ல என்ன விசேஷம், சொல்லுங்க பாப்போம்."

மதிவதனி காத்திருந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். "ஏசி மாதிரி காத்துல இருக்குற ஈரத்தைப் பிடிச்சிட்டு, அதே காத்தைச் சூடாக்கி நெல்லுக்குள்ள விடுறீங்க. சூடு கம்மி, அதனால அரைக்கும்போது அரிசி உடையாது. இதை முன்னாடியே பல பேர் செஞ்சிருக்காங்க. நீங்க முதல் பக்கத்துல அதைத்தான் பெருமையா எழுதியிருக்கீங்க. ஆனா ஒன்பதாம் பக்கத்துல போற போக்குல ஒரு வரி இருக்கு. எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை காத்து திசை மாறும், கீழேருந்து மேல, மேலேருந்து கீழ. யாரும் செய்யாதது அதுதான். மொத்த விஷயமும் அந்த ஒரு வரிதான் மேடம்."

கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தௌபீக் கம்பிரசர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். குவைத்தில் பதினாறு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்து, கொரோனா வருடத்தில் ஊர் திரும்பியவர்.

"அது இவளோட யோசனைம்மா. அடையை ரெண்டு பக்கமும் திருப்பிப் போட்டாத்தானே வேகும், நெல்லை மட்டும் ஏன் ஒரு பக்கமாவே காய வைக்கிறீங்கன்னு கேட்டா. நான்தான் அதைக் கடைசியில எழுதிட்டேன்."

மதிவதனி கைப்பையிலிருந்து ஆய்வாளரின் அறிக்கையை எடுத்து நீட்டினாள். பெரிய கம்பெனியின் பெயர் மேலே இருந்தது. கீழே, காற்றின் திசையை மாற்றுவது புதிதல்ல என்று மறுத்திருந்த பகுதியில், அவர்களுடைய எண் நான்கு இடத்தில் வந்திருந்தது. ஷம்சாத் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் பக்கத்தில் இருந்த சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இவங்களை நாங்களா நிறுத்தியிருக்கோம்?"

"நீங்கதான்."

"தௌபீக், இங்க வந்து பாருங்க." கணவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

படிவத்தை எப்படி நிரப்புவது என்று மதிவதனி ஒரு தாளில் எழுதினாள். இணையத்தில் போட டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், அவர்களுடையது காலாவதியாகியிருந்தது. "அப்ப நீங்களே உங்க கையெழுத்துல போட்டுடுங்களேன்" என்றார் தௌபீக். சரி என்று சொல்லிவிட அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. "வேணாம்ணே. நான் வேலை பிடிக்க வந்த மாதிரி ஆயிடும். கிண்டியில ஆபீஸ் இருக்கு, நேராவே குடுக்கலாம். நாள் இருக்கு" என்றாள். ஷம்சாத் டீ போட எழுந்தார்.

திங்கட்கிழமை ஷம்சாத் திருவாரூரில் ரயிலேறினார். செவ்வாய் காலை பதினொன்றே காலுக்கு மதிவதனியின் போனுக்கு ஒரு படம் வந்தது. முத்திரை குத்திய ரசீது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். பிரகதீஸ்வரி கட்சிக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். மதிவதனி தூரத்திலிருந்தே போனைத் தூக்கிக் காட்ட, அவர் பேச்சை நிறுத்தாமலே கட்டைவிரலை உயர்த்தினார்.

பத்து நாள் கழித்துக் கணவன் மனைவி இருவரும் தஞ்சாவூருக்கு வந்தார்கள். ஷம்சாத் உட்காரக்கூட இல்லை. "எங்க கேஸை நீங்க பாருங்க. மத்த மூணு பேரும் அதே கவர்மென்ட் லிஸ்ட்டைப் பாத்துத்தான் எங்களைப் பிடிச்சிருக்காங்க. ஆனா ஒருத்தர்கூட ஒன்பதாம் பக்கம் வரைக்கும் போகல."

பிரகதீஸ்வரி வக்காலத்துத் தாளை எடுத்தார்.

அதன் பிறகு வேலை ஓட்டமாக ஓடியது. விண்ணப்பதாரர்களில் ஒருவர் பெண் என்றால் விரைவு ஆய்வு கேட்கலாம், கேட்டார்கள். பிப்ரவரியில் ஆய்வாளரின் அறிக்கை வந்தது. முதல் பக்கத்து உரிமைக் கோரிக்கைகளை எல்லாம் அவர் மறுத்திருந்தார். மதிவதனி எதிர்பார்த்தது அதைத்தான். அவற்றை விட்டுவிட்டு, திசை மாறும் காற்றை முன்னால் கொண்டுவந்து திருத்தி எழுதினாள். சம்பா நெல்லில் மூன்று முறை ஓட்டி, மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் ஈரப்பதம் எவ்வளவு என்று ஷம்சாத் அளந்து தந்த கணக்கைச் சேர்த்தாள். வீடியோவில் விசாரணை நடந்தபோது அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஏன் எட்டு நிமிடம்? மதிவதனி வாயைத் திறப்பதற்குள் ஷம்சாத் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் மாற்றினால் என்ன ஆகிறது, பன்னிரண்டில் மாற்றினால் என்ன ஆகிறது என்று வகுப்பில் பாடம் நடத்துவதுபோலச் சொன்னார்.

2025 ஜூலையில் ஒரு புதன்கிழமை நிலவரப் பக்கம் மாறியது. 'வழங்கப்பட்டது.' மதிவதனி மூன்று தடவை பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தாள். கீழ்வேளூருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிரைண்டர் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. ஐந்தாவது தடவை தௌபீக் எடுத்தார். அவள் சொன்னதும் எதிர்ப்பக்கம் கிரைண்டர் நின்றது. பிறகு, "ஷம்சாத் அழுவுறாம்மா, அப்புறம் பேசுறோம்" என்றார்.

குறுவை அறுப்பின்போது அந்தப் பெரிய கம்பெனியின் ஆட்கள் காரில் கீழ்வேளூர் வந்தார்கள். உரிமம் வாங்கிக்கொண்டு தாங்களும் செய்ய விரும்பினார்கள். ஷம்சாத் முதலில் அவர்களைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய், இயந்திரத்திலிருந்து கொட்டிய நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கச் சொன்னார். பேச்சு மூன்று மணி நேரம் நடந்தது. டெல்டா மாவட்டங்களில் பட்டறையே விற்கும், வெளியே கம்பெனி விற்கும், ஒவ்வொரு இயந்திரத்திலும் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும் என்று முடிவானது. பெயர் விஷயத்தில் ஷம்சாத் கடைசிவரை இறங்கி வரவில்லை.

மீதி நாற்பது பேர் மதிவதனியின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் பஸ் ஏறிப் போக முடியாது. அப்போது பிரகதீஸ்வரி ஒரு யோசனை சொன்னார். சிறுதொழில் செய்வோர் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், விண்ணப்ப எண்ணும் அடுத்து செய்ய வேண்டியதும் அதற்கான கெடு தேதியும் மட்டும் எழுதி ஒட்டுவது. வக்கீல் பெயர், போன் நம்பர் எதுவும் கூடாது. சங்கத்தார் சம்மதித்தார்கள். மாதம் ஒருமுறை மதிவதனி அதைப் புதிதாக எழுதினாள். பலகையைப் படம் பிடித்து யாரோ வாட்ஸப்பில் போட, அது மாவட்டம் மாவட்டமாகச் சுற்றியது.

இந்த வருடம் பொங்கலுக்குள் பதினொரு பேர், 'இதை எழுதினது யாரு' என்று சங்கத்தில் விசாரித்துக்கொண்டு தாங்களாகவே அலுவலகப் படியேறி வந்தார்கள். எட்டுப் பேருக்குக் கெடு மிச்சம் இருந்தது. இரண்டு பேருக்கு முடிந்துபோயிருந்தது. அவர்களிடம் அதைச் சொன்ன நாளில் மதிவதனி மதியம் சாப்பிடவில்லை. பதினோராவது ஆள் தரங்கம்பாடிக்காரர், வலை உருளை செய்தவர். அவருடைய கெடு மறுநாளே முடிகிறது; அவராகவே வந்ததால் படிவத்தை அன்றைக்கே தன் கையெழுத்தில் இணையத்தில் போட்டுவிடலாம். மதிவதனி அவரை உட்காரவைத்துவிட்டு, அவருடைய பதினாறு பக்கத்தையும் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.