இன்பநாதன் நலமாக இருக்கிறார்

"ஆச்சும்மா. இன்னிக்கு ரசம்" என்றது மேஜை மேலிருந்த பெட்டி.

குளியலறை வாசலில் விழுந்து கிடந்த இன்பநாதன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வலது கால் வேறு யாருடையதோ போலத் திரும்பிக் கிடந்தது. எழ முயன்றபோது கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. அதன்பின் அவர் முயலவில்லை. தலையும் தோளும் கூடத்தில், மற்றதெல்லாம் ஈரத்தில்.

பெட்டிக்கு ஒரே குரல்தான். ரயில் நிலைய அறிவிப்புபோல ஏற்ற இறக்கமில்லாத ஆண் குரல். வந்த செய்தியையும் அதுதான் படிக்கும், போகிற பதிலையும் அதுதான் படிக்கும். வந்ததென்றால் முதலில் பெயர் சொல்லும்.

"ரெனிட்டா. குட். மழையில வெளிய போகாதீங்க டாடி."

யாராவது இருக்கிறார்களா என்று அவர் இந்தியில் கத்தினார். "நஸ்ரின் பேட்டி! கோயி ஹை க்யா?" பக்கத்து வீட்டு நஸ்ரின் ஷோலாப்பூர் போயிருப்பது கத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. மழை அவர் குரலை வாசல்வரைகூட விடவில்லை. மேஜையைப் பார்த்தார். பெட்டி தன் வழக்கப்படி சற்றுப் பொறுத்தது.

"சரிம்மா. காலைலயே வாக்கிங் போய்ட்டு வந்துட்டேன்" என்றது.

அவருக்கு முதல் தடவையாகக் குளிர் எடுத்தது.

விமானப்படைத் தளத்தை ஒட்டிய லோஹேகாவில் மழை வலுத்தால் கரண்ட் போகும். பின்னாலேயே செல்போன் டவரும் படுத்துவிடும். போன வருஷம் அப்படி இரண்டு நாள் அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் ரெனிட்டா தவித்துப்போனாள். பக்கத்துக் கராடியில் ஒரு கம்பெனியில் ஆப்களுக்கு முகப்பு வடிவமைக்கிறவள் அவள். கூட வேலை செய்யும் ஷ்ரேயஸும் அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து தங்கள் பெற்றோரின் வீடுகளில் பேட்டரியில் ஓடும் ரேடியோப் பெட்டிகளை வைத்தார்கள். ஒரு மொட்டைமாடியிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று செய்தி தாவிப் போகும். வீட்டுப் பக்கம் டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம்; அவை இருக்கிற இடத்துக்கு வந்ததும் செய்தி பிள்ளைகளின் போனுக்கு ஏறிவிடும். செய்தி சேர்ந்துவிட்டது. ஆளைப் பதில் சொல்ல வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

இன்பநாதன் கேள்விகளைச் சீக்கிரம் முடித்து அனுப்புகிற மனிதர். விமானப்படை ஸ்டோர்ஸில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் அதிகாரி வாயைத் திறக்குமுன் "ஆகிவிட்டது சார்" என்பார். அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்குவார். மனைவி ஃப்ளோரா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சபையிலிருந்து ஜெபிக்க வந்தவர்களிடம்கூட "பரவால்ல, நல்லா இருக்கா" என்றார். அவர்கள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று மாலையே அவள் இறந்தாள்.

பெட்டியில் முதலில் மைக், எழுத்துப் பலகை, கூடவே நலம் சொல்லப் பச்சை, உதவிக்குச் சிவப்பு என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. லைட் சுவிட்சைத் தேடும் கை சிவப்பை அமுக்கி, வாட்ச்மேனும் மகளும் பதறிக்கொண்டு ஓடிவந்து நின்றதில் அவர் கூனிக் குறுகிப்போனார். சிவப்பை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். பிறகு இன்னொன்று கேட்டார்.

"ஏட்டி, பத்து நிமிசத்துக்கு ஒருக்க சாப்டாச்சா, மாத்திரை போட்டாச்சான்னு கேக்க. பதில் வரலைன்னா ரிக்‌ஷா புடிச்சு ஓடி வார. அந்தப் பொட்டியவே சொல்லச் சொல்லேன். எப்படியும் நான் ஒண்ணைத்தான சொல்லுதேன்."

"டாடி, அது சீட்டிங்."

"நான் சொன்னா மட்டும் சத்தியவாக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். அதுதான் வினையாயிற்று. அவர் பதில் சொல்லாவிட்டால், முன்பு சொன்ன பதில்களிலிருந்து பொருத்தமான ஒன்றை எடுத்துப் பெட்டியே சொல்லும்படி செய்தாள். பெட்டி சொன்னது மட்டும் அவள் போனில் சாம்பல் நிறத்தில் தெரியும். மற்ற வீடுகளும் அந்த வசதியைக் கேட்டு வாங்கிக்கொண்டன. ஆனால் அந்தச் சாம்பல் நிறம் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. "அம்மா பேசல, டப்பா பேசுதுன்னு பாத்ததும் மனசுக்கு ஒரு மாதிரி ஆகுது" என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கினாள்.

தரையில் அவர் கிடக்க, பெட்டி நாள் முழுக்கப் பேசியது. மாத்திரை போட்டதாகச் சொன்னது. பேப்பர் படித்ததாகச் சொன்னது. பேப்பர் வாசலில் நனைந்துகொண்டிருந்தது. மேஜையருகே உட்கார்ந்து ரசம் சாப்பிட்டவர்தான் இன்பநாதன், தரையில் கிடப்பது வேறு ஏதோ என்று ஒரு கணம் அவருக்கே தோன்றியது.

பிளாஸ்டிக் மேஜைவிரிப்பின் ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் எட்டி இழுத்தார். உப்பு ஜாடி உருண்டது. ஊறுகாய் பாட்டில் விழுந்து உடைந்தது. கடைசியாகப் பெட்டி வந்து நெஞ்சருகே விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மைக் கிடையாது, எழுத்துப் பலகை கிடையாது. பெட்டியே பேசத் தொடங்கியபின், எல்லாம் அவருக்குச் சிரமம் என்று எடுத்துவிட்டிருந்தாள். பச்சைப் பொத்தான் மட்டும் இருந்தது. அது ஒன்றைத்தான் சொல்லும்.

அமுக்கினார்.

"நல்லா இருக்கேன்."

விடாமல் அமுக்கினார். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். இதைக் கேட்டாவது சந்தேகப்படுவாள்.

"ரெனிட்டா. என்ன டாடி, இன்னிக்கு செம மூடு போல! போதும் போதும், தெரியுது. எனக்கு மீட்டிங் இருக்கு."

சிரிக்கிற முகத்தோடு அதை அவள் எழுதியிருப்பாள் என்பது அந்தக் குரலிலும் அவருக்குத் தெரிந்தது. அவர் வாயருகே பெட்டி பொறுத்திருந்து, அவருடைய வார்த்தையில், "சரிம்மா. நீ வேலையைப் பாரு" என்றது.

இது பேசுகிறவரை அவள் வரமாட்டாள்.

உடைக்கக் கையில் வலு இல்லை. பின்மூடியில் திருகாணிகள். திரும்பிப் பார்த்தார். குளியலுக்குப் பிடித்த வாளித் தண்ணீர் அப்படியே இருந்தது. உடம்பைத் திருப்பியதில் கால் கொன்றெடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை விளிம்புக்கு மேலே தூக்கிப் பெட்டியை உள்ளே போட்டார்.

அது உடனே சாகவில்லை. தண்ணீருக்கு அடியில் பச்சை வெளிச்சம் அலைந்தது. குமிழிகளோடு குரல் மேலே வந்தது, இப்போது கிட்டத்தட்ட மனிதக் குரல்போல. "நல்லா இரு..." என்றது. "நல்லா..." என்றது. அவர் வாளியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். பிளாஸ்டிக் வழியாக அந்தப் பேச்சின் நடுக்கம் கைக்குள் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது.

இப்போது மழை மட்டும். அவள் ஏதாவது கேட்டாளா, கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாளா என்று அறிய இனி வழியில்லை. ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. முந்தின நாள் இருட்டும் நேரத்தில் ரெனிட்டா வந்து வாட்ச்மேனைக் கொண்டு கதவை உடைத்திருந்தாள். மாத்திரை பற்றி இரண்டு முறை கேட்டும் பதில் வராததால் கிளம்பியதாக டாக்டரிடம் சொன்னாள். இடுப்பெலும்பு முறிவு, வியாழக்கிழமை ஆபரேஷன். நர்ஸ் வந்து "கைசே ஹோ அங்கிள்?" என்று நலம் விசாரித்தபோது இன்பநாதன் "டீக்", நல்லாத்தான் இருக்கேன், என்றார். ரெனிட்டா குறுக்கிட்டு, வலி அதிகம் என்று சொன்னாள். ஒரு ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடியே எல்லாப் பெட்டிகளிலிருந்தும் தானாகப் பதில் சொல்லும் வசதியை அவள் எடுத்தாள். மாலைக்குள் இரண்டு வீடுகளிலிருந்து ஷ்ரேயஸுக்குப் புகார் வந்தது. ஊரின் மறுகோடியில் உள்ள வாகட்டிலிருந்து ஸ்வாமிநாதன் என்பவர், பெட்டி பழுதாகிவிட்டது, பெங்களூரில் உள்ள மகன் பதில் இல்லை என்று தொல்லை செய்கிறான், பழையபடி ஆக்கித் தரவும் என்று எழுதியிருந்தார்.