பெயருக்கு முன்னால் நின்ற எழுத்து

ஒரு மனிதனின் பிழைப்பை நான் கெடுத்தேன். பொய் சொல்லிக் கெடுக்கவில்லை. உண்மையைச் சொல்லித்தான் கெடுத்தேன். அதுவும் இலஞ்சி முருகன் கோயில் வாசலில், சூடம் அணைத்து!

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்கள் என்னை நல்லவன் என்பார்கள். சஷ்டி விரதம் தவறாதவன், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாதவன் என்பார்கள். அந்த நல்ல பெயரை வைத்துத்தான் நான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, தென்காசியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையின் கமிஷன் கடைகளுக்கு எங்கள் முதலாளி பில் போடும் புரோகிராம் விற்றார். அதைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுத்துவிடுவதும் என் வேலை. சந்தையில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது. “ஏ பிரிண்டரு, இங்கன வாரும்” என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் புரோகிராமை எழுதியவன் இசக்கிமுத்து. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன், காலேஜ் படித்தவன். படித்த திமிர் அவனிடம் கிடையாது. என்ன கேட்டாலும் சொல்லித் தருவான். நான் ஒரு நாள் டீக்கடையில் வைத்து, “தம்பி, நீ எழுதுதது எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போனப்புறம் எங்க போகுது?” என்று கேட்டேன். சிரித்தான்.

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். மனிதன் எழுதுகிற புரோகிராமைக் கம்ப்யூட்டர் தனக்கு மட்டும் புரிகிற எண்களாக மாற்றிக்கொள்கிறது. மாறியபின் நம்மால் அதைப் படிக்க முடியாது. ஆனால் உள்ளே நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் எழுதியவன் ஒரு பெயர் வைத்திருப்பான் அல்லவா? அழிக்காமல் விட்டால், அந்தப் பெயர்கள் ஓர் அட்டவணையாக அதற்குள்ளேயே தங்கிவிடும். சிம்பல் டேபிள் என்பார்கள். ஒரு சின்னக் கட்டளை கொடுத்தால் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும்.

“அதுல யூன்னு இருந்தா, அது நம்ம சரக்கு இல்ல அண்ணாச்சி. வெளியில இருந்து எடுத்துக்கிடுதது. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுக்குத அண்டா மாதிரி” என்றான்.

அன்றைக்கு அதை நான் காதில் வாங்கினேன்... மனதில் வாங்கவில்லை.

பிறகு இசக்கிக்குக் கல்யாணம் ஆயிற்று. வேலையை விட்டான். சொந்தமாக வேறொரு பில் புரோகிராம் எழுதி அதே சந்தையில் கடை கடையாகக் கொடுக்க ஆரம்பித்தான். முதலாளிக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு சீக்கிரத்தில் எவனாலும் எழுத முடியாது, நம்முடையதைத்தான் அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்றார். என்னைக் கூப்பிட்டு, எப்படியாவது பார்த்துச் சொல்லும்வே என்றார்.

ஒரு வெங்காயக் கமிஷன் கடையில் பிரிண்டரைப் பார்க்கப் போன சாக்கில் இசக்கியின் புரோகிராமைப் பென்டிரைவில் எடுத்து வந்தேன். அவன் சொல்லிக் கொடுத்த அதே கட்டளையை அவன் புரோகிராமுக்கும் கொடுத்தேன், எங்கள் புரோகிராமுக்கும் கொடுத்தேன். திரையில் பக்கம் பக்கமாகப் பெயர்கள்... பில் அச்சடிப்பது, தமிழ் எழுத்தைத் தாளில் இறக்குவது, பேப்பரை நறுக்குவது என்று ஒரு கூட்டம் பெயர்கள் இரண்டிலும் அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன.

கண்டுபிடித்துவிட்டேன்! முன்னால் நின்ற எழுத்தை நான் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை... அந்த மட்டில் அது அறியாமைதான். அதற்காக நான் இங்கே அழவில்லை.

முதலாளி சந்தை முழுக்கச் சொன்னார். “நம்ம அண்ணாச்சி உள்ள இறங்கிப் பாத்துட்டாரு” என்றார். மறுநாள் நான் சந்தைக்குள் போனபோது, தக்காளி மண்டிக்காரர் எழுந்து எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். அதுவரை அந்தக் கடையில் நான் தரையில் குந்தித்தான் வேலை பார்த்திருக்கிறேன். டீ வந்தது. நாலு வியாபாரிகள் சுற்றி நின்று, அது எப்படி அண்ணாச்சி தெரியுது என்று கேட்டார்கள். நான் கால் மேல் கால் போட்டுக்கொண்டு விளக்கினேன்.

அந்த நாற்காலியைப் பற்றி உங்களிடம் நான் மறைக்கக் கூடாது. எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பிறகு ஒரு மத்தியானம் இலத்தூரில் ஒரு அரிசிக்கடைக்குப் பிரிண்டர் பார்க்கப் போனேன். அங்கே இருந்தது மதுரைப் பக்கத்து யாரோ எழுதிய புரோகிராம். எங்களுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கை அரிப்பு... அதற்கும் அந்தக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன்.

அதே பெயர்கள்!

என் கண் அப்போதுதான் முன்னால் போயிற்று. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் யூ. யூ. யூ. வாடகை அண்டா. யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எவரோ எழுதி உலகத்துக்கு விட்ட பிரிண்டர் சாமான். எங்கள் புரோகிராமும் அதைக் கூப்பிட்டது, இசக்கியுடையதும் கூப்பிட்டது. எங்கள் கடைக்கு ஓடிப்போய் இரண்டு புரோகிராமையும் மறுபடி பார்த்தேன். வெளியிலிருந்து எடுக்காமல் எழுதிய வேலைகளின் பெயர்கள் இரண்டிலும் வேறு வேறாகத்தான் இருந்தன. ஒன்றுகூட ஒட்டவில்லை.

இசக்கி திருடவில்லை.

அன்று சாயங்காலமே முதலாளியிடம் நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். போனேன். அவர் என்னைப் பார்த்ததும், “வாரும், உம்ம பேச்சுதான் ஓடுது” என்று பக்கத்தில் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். பேசாமல் எழுந்து வந்தேன்.

அவர் வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று பயந்தேனா? இல்லை. அப்படிப் பயந்திருந்தால் பிள்ளைகுட்டிக்காரன் என்று நீங்களும் என்மேல் இரக்கப்படலாம். எனக்குக் கூச்சம்... அவ்வளவுதான்! நாலு பேர் முன்னால், நான் பார்த்தது தப்பு என்று சொல்லக் கூச்சம். திரும்பவும் ‘ஏ பிரிண்டரு’ ஆகிவிடுவேனே என்ற கூச்சம்.

இசக்கி வியாபாரிகளிடம் மன்றாடினான். அது எல்லாருக்கும் பொதுவானது என்று அவன் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். அண்ணாச்சிக்கு இது தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அவர் சாமி முன்னால் பொய் சொல்ல மாட்டார், அவர் சூடம் அணைத்து என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன் என்றான். எங்கள் பக்கத்தில் போலீஸ், கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கிற வழக்கு இப்படித்தான் முடியும். சூடத்தை அடித்து அணைத்துவிட்டால் அதன்மேல் பேச்சுக் கிடையாது.

அவன் என்னை நம்பித்தான் அதைக் கேட்டான். இதை நீங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்... என்னை நம்பித்தான்.

வெள்ளிக்கிழமை காலை. நான் குளித்து, திருநீறு பூசி, வெறும் வயிற்றோடு போனேன். கோயில் வாசலில் முதலாளி, நாலைந்து வியாபாரிகள், இசக்கி. அவன் முகத்தில் கலக்கமே இல்லை. என்னைப் பார்த்துக் கும்பிட்டான். தக்காளி மண்டிக்காரர் வெற்றிலையில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தார்.

வழியெல்லாம் நான் என்ன யோசித்துக்கொண்டு வந்தேன் தெரியுமா? பொய் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று! முருகா... உன் சன்னதிக்கு நடந்து வருகிற வழியில் அந்த யோசனை!

“முருகன் அறியச் சொல்லுதேன். நம்ம புரோகிராம்ல உள்ள பேரு அவன் புரோகிராம்லயும் இருக்கு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

உள்ளங்கையால் அடித்தேன். சூடம் அணைந்தது. சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

இசக்கி என் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான். பிறகு மெதுவாக, “அண்ணாச்சி, பேருக்கு முன்னால என்ன எழுத்து நிக்குதுன்னும் சொல்லிருங்க” என்றான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் கரி ஒட்டியிருந்தது.

“எனக்கு அவ்வளவு படிப்புக் கிடையாது தம்பி” என்றேன்.

சூடம் எரியும்போது உண்மை. அணைந்தபின் பொய். அணைந்தபின் சொல்வது சத்தியத்தில் சேராது என்று அந்த நொடியிலேயே என் மனம் கணக்குப் பார்த்துவிட்டது! இவ்வளவு கெட்டிக்காரத்தனம் எனக்குள் எங்கே இருந்தது? எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தேன் இதை?

“அப்பம் சரி” என்றான் இசக்கி. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டான். அந்த வாரமே கடை கடையாகப் போய்த் தன் புரோகிராமைத் தன் கையாலேயே எடுத்துவிட்டான். அதற்குமேல் சந்தையில் அவன் பெயரைச் சொல்வதென்றால் முன்னால் ‘களவாணி’ என்ற சொல்லைச் சேர்த்துத்தான் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

போன குற்றாலச் சாரல் சீசனில் அவனைப் பார்த்தேன். ஐந்தருவிக்குப் போகும் வழியில், துண்டும் நிக்கரும் கயிற்றில் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தான். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். இன்று சொல்லிவிட வேண்டும்... காலில் விழ வேண்டுமானால் விழுந்துவிட வேண்டும் என்று கிட்டே போனேன்.

“வாங்க அண்ணாச்சி, சுகமா இருக்கியளா? அருவியில தண்ணி நல்லா விழுது” என்றான். குரலில் ஒரு கோபமும் இல்லை.

தொங்கிய துண்டுகளுக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். “சாஃப்ட்வேர் கடை அண்ணாச்சி இவங்கதானா? எங்க சொந்தக்காரங்க உங்கள ஏசும்போதுகூட எங்க வீட்டுக்காரங்க விடமாட்டாங்க. ‘அவர் மேல தப்பு இல்ல, அவருக்கு அது தெரியாது, தெரிஞ்சா சொல்லியிருப்பாரு’ன்னுதான் சொல்லுவாங்க” என்றாள்.

இசக்கி ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தான். மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

அவன் நிஜமாகவே அப்படி நம்புகிறானா? இல்லை, எல்லாம் தெரிந்துதான், ஒரு வயதானவனைக் காட்டிக் கொடுக்க வேண்டாம் என்று மனைவியிடம் மறைத்து வைத்திருக்கிறானா? நம்புகிறான் என்றால், தன்னை ஒருவன் வேண்டுமென்றே அழித்தான் என்று இப்போது போய் அவனிடம் சொல்வதா? மறைக்கிறான் என்றால்... அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

அவள் பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா தாயி, தெரியாமத்தான் போச்சு” என்றேன்.

இசக்கி மீதித் துண்டையும் மடித்து வைத்துவிட்டு, விலை கேட்ட ஒருவர் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அருவிக்குப் போகவில்லை. வந்த வழியே பஸ் ஏறினேன். நெற்றியில் எண்ணெய் வழிந்து கண்ணில் எரிந்துகொண்டே வந்தது.

வீட்டில் என் மனைவி என் தலையைப் பார்த்துவிட்டு, “என்ன, குளிக்கலியா?” என்று கேட்டாள்.

“தண்ணி கூடிட்டுன்னு போலீஸ் விடல” என்றேன். யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னால் அவளுக்குச் சரிதான். எழுந்து போய் எனக்கு வெந்நீர் போட்டாள்.