நீலக்கதவுக் குடிசையில் கொடி

போன மாதம் ஹார்லன் பீபியை அடக்கம் செய்தோம். பாதிரியார் அவரைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னார். மாவட்டத்தின் மண்சாலைகளை வாழ்நாளெல்லாம் செப்பனிட்டார் என்றார்; பாலைவனத்தை நேசித்தார் என்றார். முதலாவது உண்மை. இரண்டாவதைக் கேட்டிருந்தால் ஹார்லன் இருமுவது போல ஒரு சத்தம் எழுப்பியிருப்பார். "நேசமா? அது என் முதுகெலும்பைத் தின்னுச்சு, நான் அதோட தூசியைத் தின்னேன். அவ்வளவுதான் எங்க உறவு" என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஊரில் அவருக்குக் 'கதவுதட்டி' என்று பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது. முழுக்கதையும் தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பவள் நான்தான்.

நெவாடாவின் இந்தப் பக்கத்தில் தார்ச்சாலை குறைவு. ஹார்லன் மாவட்டத்துக்காக கிரேடர் ஓட்டினார். அது மெதுவாகப் போகிற வண்டி. தகட்டைத் தரையில் இறக்கி, லாரிகள் அலை அலையாக மேடும் பள்ளமுமாக ஆக்கிவைத்த சாலையை நாளெல்லாம் வழித்துக்கொண்டே போக வேண்டும். மறுவாரம் வந்தால் அலைகள் மறுபடி எழும்பியிருக்கும். அவர் அந்த உயரமான இருக்கையில் உட்கார்ந்து இரண்டு பக்க மலைகளையும் பார்த்துக்கொண்டே போவார். ஒரு சரிவில் மண்ணின் நிறம் மாறியிருந்தால் அங்கே யாரோ ஒரு காலத்தில் குடைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சனிக்கிழமை வந்ததும் என் கணவர் லாய்டைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்விடுவார்.

லாய்டுக்குக் கிணற்று மோட்டார் பழுதுபார்க்கிற தொழில். கயிறு கட்டி இருட்டுக்குள் இறங்க அவருக்குப் பயமே கிடையாது. ஹார்லனுக்கு உண்டு. அதனால்தான் இரண்டு பேரும் அத்தனை காலம் முழுசாக வீடு திரும்பினார்கள்.

எல்லாம் வெள்ளிக்காகத் தோண்டிய சுரங்கங்கள். வெள்ளி தீர்ந்ததும் ஆட்கள் போட்டது போட்டபடி போய்விட்டார்கள். இரும்பு அடுப்பு, கட்டில் ஸ்பிரிங், ஒற்றைச் சப்பாத்து, வெயில் பட்டுப்பட்டு ஊதா நிறமாகிப்போன பாட்டில். ஒரு வீட்டில் குளிர் புகாமல் இருக்கச் சுவரெல்லாம் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். படுக்கை கிடந்த பக்கம் மட்டும் பெண்களின் தொப்பி விளம்பரங்களாகப் பார்த்து ஒட்டியிருந்தது. நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஹார்லன் எதையும் எடுக்க விடமாட்டார், ஒரு ஆணியைக்கூட. சுரங்க வாயிலில் ஒரு கல்லை உள்ளே வீசிவிட்டுக் காதுகொடுத்து நிற்பார்.

"எத்தனை நேரம்டா கேப்பே? உள்ள யாரும் பதில் சொல்லப் போறதில்ல" என்பார் லாய்ட்.

"பலகை போட்டு மேல மண்ணு மூடியிருந்தா சத்தம் வேற மாதிரி வரும். கீழ கிணறு மாதிரி குழி இருக்கும். உன் தொப்பையை அந்தப் பலகை தாங்காது."

"என் தொப்பை இருக்கட்டும். நீ வழிச்ச ரோட்டுல வந்து என் பல்லெல்லாம் ஆடுது. அதுக்கு மொதல்ல பதில் சொல்லு."

இரவு தங்க வேண்டியிருந்தால் பழைய சுரங்கக்காரர்களின் குடிசைகள் இருக்கின்றன. அவற்றுக்குச் சொந்தக்காரரும் இல்லை, பூட்டும் இல்லை. யாரும் தங்கலாம், போகும்போது பெருக்கிவிட்டு, அடுத்து வருகிறவருக்குக் கொஞ்சம் விறகும் ஒரு டப்பா சாப்பாடும் வைத்துவிட்டுப் போக வேண்டும். இன்னொரு வழக்கம் கொடி. குடிசை வாசலில் ஒரு கம்பம் நிற்கும். வந்தவர் குடிசையிலேயே இருக்கும் தேசியக் கொடியை ஏற்றுவார், கிளம்பும்போது இறக்குவார். கொடி ஏறியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பின்னால் வருகிறவர் தூரத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட வேண்டும். கிட்டே போவதும் கதவைத் தட்டுவதும் நாகரிகமில்லை. மனிதர்களிடமிருந்து தப்பித்து இத்தனை தூரம் வந்தவன் வாசலில் போய் நிற்பதைவிடக் கேவலமான காரியம் இங்கே கிடையாது.

லாய்ட் மட்டும் கொடி ஏற்றமாட்டார்.

"ஏத்துடா. யாராவது வந்து நிக்கப் போறாங்க" என்று ஹார்லன் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

"வரட்டுமே, காபி குடுப்போம். நான் என்ன ஜனாதிபதியா, வந்து எறங்கிட்டேன்னு கொடி ஏத்தி ஊருக்குச் சொல்ல?"

கடைசியில் ஹார்லன்தான் முனகிக்கொண்டே போய்க் கயிற்றை இழுப்பார். தனியாகப் போனால் லாய்ட் கம்பத்தின் பக்கமே திரும்பமாட்டார். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் அக்டோபரில் லாய்ட் தனியாகப் போனார். வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றவர் வரவில்லை. ஒரு நாள் தள்ளிப்போவது அவருக்குப் புதிதில்லை. சனிக்கிழமை காலை ஹார்லன் வந்து காபி குடித்தார். "டயர் போயிருக்கும். எங்கயாவது உக்காந்து என் ரோட்டைத் திட்டிக்கிட்டிருப்பான். ஒரு சுத்து பாத்துட்டு வர்றேன்" என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் தனியாகத் திரும்பினார்.

"வழக்கமா போற இடமெல்லாம் பாத்துட்டேன். நீலக்கதவுக் குடிசைல வேற யாரோ தங்கியிருக்காங்க."

"யாரு?"

"தெரியல. கொடி ஏறியிருந்துச்சு. வளைவுலயே திரும்பிட்டேன்."

"அப்ப அது லாய்ட் இல்ல" என்றேன். சிரிக்கவும் செய்தேன். "கொடி ஏத்துற ஆளா அவரு?"

"அதேதான் நானும் நெனச்சேன்" என்றார் ஹார்லன். அவர் சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை தேடுதல் குழுவினர் மலைக்கு அந்தப் பக்கம் லாய்டின் வண்டியைக் கண்டார்கள். சாரா ஜேன் என்ற பழைய சுரங்கத்தின் வாயிலில் நின்றிருந்தது. அந்தச் சுரங்கம் முகட்டைத் துளைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் திறக்கிறது. உள்ளே ஓர் ஏணியின் படி முறிந்து, லாய்ட் கீழே விழுந்து, இடுப்பு உடைந்திருந்தது. அந்த இடுப்போடு கிளட்சை மிதிக்க முடியாது. இந்தப் பக்கத்து வாயிலிலிருந்து கீழே சரிவு, சரிவின் அடியில் நீலக்கதவுக் குடிசை, பக்கத்தில் ஊற்றுத் தண்ணீர். உட்கார்ந்தபடியே சறுக்கிச் சறுக்கி அங்கே வந்து சேர்ந்திருக்கிறார். வாசற்படியில் உயிரில்லாமல் கிடந்தார். கொடிக்கயிறு கையில் சுற்றியிருந்தது.

யாராவது பார்த்துவிட்டு வரட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொடி ஏற்றியிருக்கிறார். பார்த்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஹார்லனுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பமும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

லாய்டின் அடக்கம் முடிந்த மறுவாரம் ஹார்லன் என் சமையலறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் திரும்பினப்ப அவன் உயிரோட இருந்தானா? டாக்டர் என்ன சொன்னாரு?"

சரியாகச் சொல்ல முடியாது, ஞாயிற்றுக்கிழமைவரைகூட இருந்திருக்கலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார்.

"வெள்ளிக்கிழமை ராத்திரியே போயிட்டாராம்" என்றேன்.

ஹார்லன் தலையை ஆட்டினார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

ஆனால் அவர் சுரங்கங்களுக்குள் போவதை நிறுத்திவிட்டார். கல் வீசிக் காதுகொடுப்பதெல்லாம் முடிந்தது. சனிக்கிழமைகளில் குடிசைகளுக்கு மட்டும் போனார். கொடி ஏறாத குடிசையைக் கண்டால் நிற்காமல் போவார். கொடி ஏறியிருந்தால் நேராக வாசலுக்கே ஜீப்பை ஓட்டிப்போய், இறங்கி, கதவைத் தட்டுவார். சில தடவை நானும் கூடப் போனேன்.

ஒரு குடிசையில் அரைக்கால் சட்டையோடு ஒருவர் கதவைத் திறந்தார்.

"கொடி ஏத்தியிருக்கு, தெரியலையா?"

"தெரிஞ்சுது. நல்லா இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்."

"நல்லாத்தான் இருந்தேன், நீங்க தட்டுற வரைக்கும்."

"சரி. அப்ப வர்றேன்."

இன்னொரு குடிசையில் கல்யாணமான புதுசு போல ஒரு ஜோடி. பையன் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து பெண் குரல் கேட்டது.

"யாரு அது?"

"யாரோ ஒரு தாத்தா. சுகமா இருக்கோமான்னு கேக்குறாரு."

"மதப் பிரசாரமா? நமக்கு வேணாம்னு சொல்லு."

ஹார்லன் அதற்கும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினார். பெட்ரோல் பங்கில் எல்லாரும் கேலி செய்தார்கள். "என்ன கதவுதட்டி, இந்த வாரம் யாரு அடிக்க வந்தாங்க?" "அடிக்கல. ஒரு அம்மா பிஸ்கட் குடுத்தாங்க. அதுக்கு அடியே தேவலை" என்பார்.

இத்தனை வருடத்தில் எந்தக் கதவுக்குப் பின்னாலும் ஆபத்தில் கிடந்தவர் ஒருவரும் இல்லை. டப்பா திறப்பானை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, பீன்ஸ் டப்பாவைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குத் தன் கத்தியைக் கொடுத்தார். அவர் செய்த உதவி என்று அதைத்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு கதவுக்குப் பிறகும் ஜீப்பில் ஏறி, கிளப்பாமல், ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்.

"போதும் ஹார்லன்" என்று ஒருநாள் சொன்னேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. வீட்டுல படுத்துத் தூங்குங்க."

"தூங்கலாம்" என்றார். மறுவாரமும் போனார்.

லாய்ட் வெள்ளிக்கிழமையே போய்விட்டார் என்று அவர் நம்பியிருந்தால் இந்த அலைச்சல் எதற்கு? எனக்கு அது தோன்றவே இல்லை. இன்னொன்றும் தோன்றவில்லை. எல்லாக் குடிசைக் கதவையும் தட்டியவர் நீலக்கதவுக் குடிசைக்கு மட்டும் போனதே இல்லை.

இந்த வசந்தத்தில் அவருக்குப் பார்வை மங்கியதால் வண்டி ஓட்டும் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மூச்சும் சரியில்லை. ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு நடந்தே வந்து, ஜீப் சாவியை மேசைமேல் வைத்தார்.

"நீ ஓட்டு. நீலக்கதவுக்குப் போவோம்."

மழை பெய்து ஓய்ந்த வாரம். ஈரம் பட்டால் மணக்கிற கிரியோசோட் புதர்களின் வாசம் கண்ணாடியை ஏற்றியும் உள்ளே வந்தது. பள்ளத்தாக்கு திரும்புகிற வளைவில், "இங்க நிறுத்து" என்றார். நிறுத்தினேன்.

"கொடி இருக்கா?" என்று கேட்டார். அவருக்கு அவ்வளவு தூரம் தெரியாது.

"இருக்கு."

"ஆடுதா?"

"இல்ல. காத்தே இல்லையே."

"அன்னைக்கும் காத்து இல்ல, நோரீன்."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆனா கொடி எறங்குச்சு. பாதிக்கு எறங்கி மறுபடி ஏறுச்சு. திரும்பவும் எறங்குச்சு, ஏறுச்சு. இதே எடத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். வண்டி சத்தம் கேட்டு உள்ள இருக்குற ஆளு, 'எடம் காலி இல்ல, போ'ன்னு காட்டுறான்னு நெனச்சேன். என்னடா இது, இவ்வளவு சிடுசிடுப்பான்னுகூட நெனச்சேன். கையைக் காட்டினேன், சரி சரி போறேன்னு."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அணைத்தேன்.

"நான் வெள்ளிக்கிழமைன்னு சொன்னேனே" என்றேன்.

"சொன்னே. சீட்டாட்டத்துலயே உனக்குப் பொய் சொல்ல வராது."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன் அன்னைக்கு. நீ அதைச் சொன்னதும்..." மூச்சு வாங்கினார். "இனிமே என்னால போயித் தட்ட முடியாது. ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கட்டும்."

லாய்டுக்கு அந்த ஜீப்பைத் தெரியும். வளைவில் நின்றது யார் என்று தெரிந்திருக்கும். கை அசைந்ததையும் பார்த்திருப்பார். அதற்கு மேல் நினைக்க எனக்குத் தெம்பில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பக்கத்தில் ஒரு கிழவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தன் கண்ணுக்குத் தெரியாத கொடியின் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி நடந்தேன். கதவின் நீலம் வெளிறி உரிந்திருந்தது. அந்த வாசற்படியை மிதிக்காமல் பக்கவாட்டில் நின்று தட்டினேன். வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஒரு பெண் திறந்தாள்.

"கொடி ஏத்தியிருக்கோமே, பாக்கலையா நீங்க?"

"பாத்தேன். அதான் வந்தேன்."

அவள் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள். "ஏதாவது ஒதவி வேணுமா?"

"இல்ல. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"இருக்கோம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, வளைவில் நின்ற ஜீப்பைப் பார்த்தாள். "அங்க யாரு?"

"என் வீட்டுக்காரரோட சிநேகிதர். அவர் வரமாட்டார்."

அவள் உள்ளே போய்த் தகர டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். "அவருக்குக் குடுங்க. டம்ளரைப் பாறைமேல வச்சிட்டுப் போங்க, நான் எடுத்துக்கறேன்." அதைச் சிந்தாமல் வளைவுவரை கொண்டுபோனேன். ஹார்லன் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

"யாரு உள்ள?"

"ஒரு பொண்ணு. நல்லா இருக்கா."

"சர்க்கரையைக் கொட்டியிருக்கா" என்றார். முழுவதும் குடித்தார்.

திரும்பும் வழியெல்லாம் சாலை அலை அலையாகக் கிடந்தது. ஜீப் உதறிய உதறலில் அவர் ஒரு கையால் கதவையும் மறு கையால் வாயையும் பிடித்துக்கொண்டார்.

"எவன்டா இப்ப இதை வழிக்கிறான்" என்றார்.